ஆலைக்கும் கிடங்குக்கும் உலோகக் கூரை

கிடங்கு, ஆலை, வணிக வளாகம் போன்ற அகலமான கட்டடங்களுக்கு உலோகக் கூரை பொருந்துவதற்கு முதல் காரணம் அதன் எடைக் குறைவு. 100 மி.மீ. கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோ இருக்கும், அரை மி.மீ. எஃகுத் தகடு ஏறக்குறைய 5 கிலோதான். நடுவில் தூண் இல்லாமலே நீண்ட கூடத்தை மூடிவிடலாம்.

வகைகளில் பழையது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட். 1970களில் சந்தைக்கு வந்த கால்வால்யூம் பூச்சில் 55 சதவீதம் அலுமினியம், சுமார் 43.5 சதவீதம் துத்தநாகம், மீதி சிலிக்கன். அலுமினியம் ஆயுளைக் கூட்டுகிறது. வெட்டிய விளிம்பில் துத்தநாகம் தான் அரிந்து எஃகைக் காக்கிறது. உப்புக் காற்று வீசும் கடலோரத்தில் முழு அலுமினியத் தகடே மேல், விலைதான் கூடுதல்.

ஒழுகல் பெரும்பாலும் தொடங்குவது தகட்டில் அல்ல, திருகாணித் துளையில். வெயிலில் தகடு விரிந்து சுருங்கச் சுருங்க ரப்பர் வாஷர் தளர்ந்துபோகும். விளிம்புகளை மேலே மடித்துப் பூட்டும் ஸ்டாண்டிங் சீம் கூரையில் தகட்டைத் துளைப்பதே இல்லை. அடியிலுள்ள கிளிப், தகடு நகர இடம் கொடுக்கும்.

வெப்பத்தைத் தணிக்க வெளிர்நிறப் பூச்சு உதவும். இரு தகடுகளுக்கிடையே நுரை அடைத்த பஃப் பேனல் இன்னும் நன்றாகத் தடுக்கும். குளிர்பதனக் கிடங்குகளில் அதுவே வழக்கம்.