வலிப்பை எண்ணுகிறோம், நடையைப் பார்க்கிறோமா?

டிராவெட் நோய்க்குறியோடு பிறந்த குழந்தையை முதல் சில மாதங்களில் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. காலாகாலத்தில் குப்புற விழும், முகம் பார்த்துச் சிரிக்கும். ஐந்தாறு மாதம் ஆகும்போது ஒரு நாள், காய்ச்சலிலோ வெந்நீரில் குளிப்பாட்டும்போதோ, உடம்பின் ஒரு பக்கம் வெட்டி இழுக்கத் தொடங்கும். அரை மணி நேரம் ஆனாலும் சில சமயம் நிற்காது. 'காய்ச்சல் ஜன்னிதான், வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று தேற்றி அனுப்புவார்கள். சில வாரங்களில் மறுபடியும் வரும், இந்த முறை மறுபக்கத்தில்.

பிரான்ஸில் மார்சேய் நகரின் செயின்ட் பால் மையத்தில் பணிபுரிந்த டாக்டர் சார்லட் டிராவெட், 1978இல் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார். அமெரிக்காவில் 2015இல் வெளியான ஒரு கணக்கு, சுமார் 15,700 குழந்தைகளில் ஒருவருக்கு இது வருவதாகச் சொல்கிறது. காரணம் எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் உள்ள பிழை என்று 2001இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தப் பிழை பெற்றோரிடமிருந்து வருவதில்லை, புதிதாக நேர்கிறது. கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய் என்று தாயைத் துருவுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வலிப்பைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் சொல்ல வருவது கால்களைப் பற்றி.

இந்தக் குழந்தைகளில் பலர் ஒன்றரை வயதை ஒட்டி நடந்துவிடுகிறார்கள். வீட்டில் பெரிய நிம்மதி. ஆனால் தள்ளாட்டம் போவதில்லை. கால்களை அகட்டி வைத்து நடப்பார்கள், திரும்பும்போது தடுமாறுவார்கள். அந்த மரபணு உருவாக்கும், நரம்பணுவுக்குள் சோடியம் நுழையும் வாயில், மூளையின் பரபரப்பை அடக்கும் நரம்பணுக்களுக்கு முக்கியமானது. அது பழுதானால் பிரேக் பிடிக்காத வண்டியாகிறது மூளை, வலிப்பு அதனால்தான். உடல் சமநிலையைக் காக்கும் சிறுமூளையின் பர்கின்ஜி அணுக்களிலும் அதே வாயில்தான் இருக்கிறது. ஆகவே தள்ளாட்டத்தை வலிப்பின் பக்கவிளைவு என்றோ, மாத்திரையின் மயக்கம் என்றோ மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் இங்ரிட் ஷெஃபர், கெர் கிரஹாம் உள்ளிட்ட மருத்துவர்கள் 26 பேரின் நடையைக் கூர்ந்து ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். சின்னஞ்சிறு பிள்ளைகளின் முழங்கால்கள் நிமிர்ந்திருந்தன. ஆறு வயதுக்கு மேல் சுமார் பாதிப் பேருக்குக் குனிந்த நடை வந்திருந்தது. பதின்மூன்றைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும். அதாவது நடக்கத் தொடங்கி, பள்ளிக்கும் போய், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் வயதில்தான் இது தலைகாட்டுகிறது.

இந்தக் குனிந்த நடை பக்கவாட்டில் நின்று பார்த்தால் பளிச்சென்று தெரியும். சும்மா நிற்கும்போதே இடுப்பும் முழங்காலும் மடங்கியிருக்கும். பாதத்தின் வளைவு தரையோடு படிந்திருக்கும், விரல்கள் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். மடங்கிய காலோடு ஒவ்வோர் அடியும் தொடைக்குச் சுமை. இரண்டு தெரு நடந்ததும் தூக்கச் சொல்லும் பிள்ளையை 'சோம்பேறி' என்பது பெரிய அநியாயம்.

மூளைவாதத்திலும் முழங்கால் இப்படி மடங்கும். அங்கே பெரும்பாலும் தசை இறுகிப் போயிருக்கும். டிராவெட்டில் பொதுவாகத் தசை இறுகுவதில்லை, பல பிள்ளைகளுக்குத் தொளதொளவென்றுதான் இருக்கும். இறுக்கத்தைத் தளர்த்தப் போடும் ஊசிக்கு இங்கே பெரும்பாலும் வேலையில்லை. தொடையையும் இடுப்பையும் பலப்படுத்தும் பயிற்சி, பாதத்தை ஏந்தும் காலணி, தேவைப்பட்டால் கணுக்காலுக்குத் தாங்கி, எலும்பு முறுக்கிக்கொண்டு போனால் எலும்பு மருத்துவரின் ஆலோசனை என்று வழி வேறாகப் போகிறது.

நரம்பு மருத்துவரிடம் போகும்போது வலிப்பு வந்த தேதிகளை நோட்டில் எழுதிக் கொண்டுபோகிறோம். அந்த நோட்டில் நடைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முழங்கால் தெரியும்படி அரைக்கால் சட்டை போட்டு, முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் செல்போனில் படம் பிடித்து வையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மெல்ல வரும் மாற்றம் தெரியாது. மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்கள் காட்டுங்கள். நெடுந்தூரத்துக்குச் சக்கர நாற்காலி எடுத்துப் போகத் தயங்க வேண்டாம். மிச்சமாகும் தெம்பில் பிள்ளை விளையாடட்டும்.

பதினெட்டு வயதோடு குழந்தை மருத்துவரின் கண்காணிப்பு முடிந்துவிடுகிறது, நடையின் சிக்கல் முடிவதில்லை. டிராவெட்டோடு வளர்ந்த பெரியவர்கள் சிலருக்குக் கழுத்து முன்னால் சாய்ந்து, பார்க்கின்சன் நோயைப் போல அசைவுகள் மந்தமாவதை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அந்த நோய்க்குத் தரும் லெவோடோபா மருந்தை ஒரு சிலருக்குக் கொடுத்துப் பார்த்ததில் பலன் தெரிந்திருக்கிறது. பெரியவர்களுக்கான மருத்துவரிடம் மாறும்போது அந்த நோட்டையும் படங்களையும் கையோடு கொண்டுபோங்கள்.