ஒன்றரை சென்டிமீட்டருக்குப் பதின்மூன்றாயிரம் டன் வெள்ளி

1942 ஆகஸ்டில் அமெரிக்க நிதித்துறையிடம் ராணுவம் ஒரு விசித்திரமான கடன் கேட்டது. கேட்கப் போனவர் கர்னல் கென்னத் நிக்கோல்ஸ். கேட்டது பணம் அல்ல, ஆயிரக்கணக்கான டன் வெள்ளி. இங்கே வெள்ளியை டிராய் அவுன்ஸில்தான் அளப்போம், டன்னில் அல்ல என்று அதிகாரி டேனியல் பெல் முகத்தைச் சுளித்தாராம். கடைசியில் கருவூலத்திலிருந்து சுமார் 13,300 மெட்ரிக் டன் வெள்ளி கிளம்பிப் போனது.

காந்தம் செய்யத்தான் அத்தனையும். காந்தச் சுருள் சுற்றச் செம்பு வேண்டும். போர்க்காலத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு. வெள்ளியோ செம்பைவிடச் சற்று நன்றாகவே மின்சாரம் கடத்தும்.

இந்தக் காந்தங்களுக்கு இடையே நடந்தது பிளஸ் டூ இயற்பியல். சீரான காந்தப்புலத்துக்குள் செங்குத்தாக நுழையும் அயனியின் மீது விசை எப்போதும் பக்கவாட்டில்தான் விழும். ஆகவே வேகம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. திசை மட்டும் திரும்பிக்கொண்டே இருக்கும். செக்கு மாட்டைப் போல வட்டம்தான். எல்லா அயனிகளையும் ஒரே மின்னழுத்தத்தில் முடுக்கிவிட்டால், எடை கூடியதன் வட்டம் சற்றுப் பெரிதாக இருக்கும். ஆரம், நிறையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. தேர்வுக்கு இவ்வளவு போதும்.

ஆனால் எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் வம்பு தெரியும். யுரேனிய அணுக்கள் ஆயிரத்தில் ஏழுதான் அணுகுண்டுக்குத் தேவையான 235 வகை. மற்றவை ஏறக்குறைய எல்லாமே 238. சுமார் 35,000 வோல்ட்டில் முடுக்கப்பட்ட அயனி நொடிக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. 122 சென்டிமீட்டர் ஆரத்தில் அரைவட்டம் அடித்து முடிக்கும்போது, இரண்டு வகையும் விழும் இடங்களுக்கு நடுவே இருப்பது ஒன்றரை சென்டிமீட்டர். அந்த இடைவெளியில்தான் அணுகுண்டு இருந்தது.

ஏன் அரைவட்டத்தோடு நிறுத்தினார்கள்? துளையிலிருந்து வரும் அயனிகள் ஒரே நேர்கோட்டில் வருவதில்லை, விசிறியாக விரிந்துதான் வரும். ஒரே புள்ளியில் கிளம்பிச் சற்றே வெவ்வேறு கோணங்களில் செல்லும் சம ஆர வட்டங்கள், அரைச் சுற்று முடிகிற இடத்தில் மறுபடி நெருங்கி வந்துவிடும். விரிந்ததை அந்தச் சீரான புலமே குவித்துத் தருகிறது. தனியாக லென்ஸ் வேண்டாம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தது இதுதான், பாடப்புத்தகம் பெரும்பாலும் தாண்டிப் போவதும் இதைத்தான். 1918-லேயே சிகாகோவில் ஆர்தர் டெம்ப்ஸ்டர் இதைக் கருவியாக்கியிருந்தார். 1935-ல் யுரேனியம் 235-ஐக் கண்டுபிடித்தவரும் அவரே.

அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனவர் பெர்க்லியின் எர்னஸ்ட் லாரன்ஸ். 1941 இறுதியில் தன் 37 அங்குல சைக்ளோட்ரானின் காந்தத்தையே இதற்குத் திருப்பினார். கருவிக்குக் கலுட்ரான் என்று பெயர். டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் அப்படி 1,152 கலுட்ரான் தொட்டிகள் அமைந்தன. அந்தக் காந்தங்கள் காலணி ஆணிகளை இழுத்தன, கொண்டை ஊசிகளைப் பறித்தன. 14 டன் தொட்டிகளையே இடம் நகர்த்தின. இத்தனைக்கும் உள்ளே போன யுரேனியத்தில் பெரும்பங்கு சேகரிப்புப் பெட்டிக்குப் போகாமல் தொட்டியின் சுவரில் தெறித்து ஒட்டிக்கொண்டது. அதைக் கழுவி மீட்டு மறுபடி ஓட்டினார்கள்.

குமிழ்களைத் திருகி மீட்டர் முள்ளைக் கவனித்தவர்கள், பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த சுற்றுவட்டாரப் பெண்கள். முனைவர் பட்டம் பெற்றவர்களோடு நடந்த உற்பத்திப் போட்டியில் இவர்களே ஜெயித்தார்கள். விஞ்ஞானிகள் முள் ஆடியதற்கெல்லாம் காரணம் தேடினார்கள். இவர்கள் சொன்னபடி சரிசெய்துவிட்டு அடுத்ததைப் பார்த்தார்கள். இந்தக் கதையை வேடிக்கையாகவே சொல்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வருவதில்லை. எதைத் தயாரிக்கிறோம் என்பதே அவர்களுக்கு மறைக்கப்பட்டிருந்தது. 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா செய்தி வந்த பிறகே தெரிந்தது.

போருக்குப் பின் மலிவான வாயுப் பரவல் முறை இதன் இடத்தைப் பிடித்தது. கலுட்ரான்கள் பெரும்பாலும் மூடப்பட்டன. வெள்ளியின் கடைசித் தவணை 1970-ல் கருவூலம் திரும்பியது. மீதமிருந்த சில கலுட்ரான்கள் 1998 வரை மருத்துவத்துக்கும் ஆய்வுக்கும் ஐசோடோப்புகளைப் பிரித்துக் கொடுத்தன. அவற்றில் ஒன்று தாலியம் 203. இதயத்தின் ரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் தாலியம் 201-க்கு அதுதான் மூலப்பொருள். அரைவட்டத்தில் பிரித்தெடுத்த அதை, சைக்ளோட்ரானில் வட்டமடித்து வரும் புரோட்டான்களால் தாக்கித்தான் தாலியம் 201-ஐப் பெறுகிறார்கள்.