எடைக்கு எடை

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய சாலைகளில் எடை மேடைகளைக் காணலாம். இரும்பு ஏற்றிவரும் லாரி, மேடைமீது நின்று தன் எடையைக் காட்டிய பின்னரே சுமையை இறக்கும். விற்போரும் வாங்குவோரும் ஒருவரையொருவர் ஏமாற்றாதிருக்க அம்மேடை சான்றாக நிற்கின்றது. அங்கிருந்து தெற்கே எண்ணூரையும் திருவொற்றியூரையும் கடந்து சென்றால், மனிதரையே நிறுத்துப் பார்க்கும் விளையாட்டொன்று வட சென்னையில் நெடுங்காலமாக வேரூன்றியிருப்பதை அறியலாம். அதுவே குத்துச்சண்டை.

ஆங்கிலேயர் காலத்தில் சென்னைக்கு வந்த இவ்விளையாட்டை, உழைக்கும் மக்கள் தமதாக்கிக்கொண்டனர். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை முதலிய பயிற்சிக் குழுக்கள் அங்கே புகழ்பெற்றன. 1980-ஆம் ஆண்டில் உலகப் புகழ்பெற்ற முகம்மது அலி சென்னைக்கு வந்து, ஜிம்மி எல்லிஸ் என்பவருடன் காட்சிப் போட்டியொன்றில் கலந்துகொண்டார். ஆறடிக்கும் மேல் உயர்ந்து நின்ற அலியைக் கண்டோர், குத்துச்சண்டை வீரர் அனைவரும் இத்தகைய பேருடல் கொண்டவரே என எண்ணியிருத்தல் கூடும். உண்மை அவ்வாறன்று.

தொடக்கக் காலத்தில், மெலிந்தவனும் பருத்தவனும் ஒரே களத்தில் மோதினர். வலிமை குன்றியவன் திறமை மிக்கவனாயினும் பெருங்காயம் அடைந்தான். இக்குறையை நீக்கவே எடைப் பிரிவுகள் வகுக்கப்பட்டன. 1867-ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற போட்டிகளில் இலேசு, நடுத்தரம், கனம் என மூன்று பிரிவுகள் இருந்தன. பின்னர் அவை மேலும் பலவாயின. ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. ‘ஹெவிவெயிட்’ எனப்படும் பேரெடைப் பிரிவுக்கு மட்டும் மேல் வரம்பு இல்லை.

இவ்வேறுபாட்டின் விளைவை வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. 1897-இல் பேரெடைப் பட்டம் வென்ற பாப் பிட்சிமன்ஸின் எடை ஏறத்தாழ 76 கிலோ. 1950-களில் தோல்வியே காணாது ஓய்வுபெற்ற ராக்கி மார்சியானோ ஏறத்தாழ 85 கிலோ எடையுடையவர். 1964-இல் முதன்முறை பட்டம் வென்றபோது அலியின் எடை 95 கிலோ. நம் காலத்து வீரரான டைசன் பியூரியோ, 2024 டிசம்பரில் 127 கிலோவுக்கு மேற்பட்ட எடையுடன் களம் புகுந்தார்.

இவ்வளர்ச்சிக்குக் காரணங்கள் பல. உணவும் மருத்துவமும் மேம்பட்டமையால் பல நாடுகளில் மக்களின் உயரம் மிகுந்தது. தசையை வளர்க்கும் பயிற்சி முறைகள் பெருகின. மேலும், 1979-இல் பேரெடைக்குக் கீழே ‘குரூசர்வெயிட்’ என்னும் புதிய பிரிவு தோன்றியது. இன்று அதன் வரம்பு ஏறத்தாழ 91 கிலோ. மார்சியானோ இன்று இருந்திருப்பின் அப்பிரிவிலேயே இடம்பெற்றிருத்தல் கூடும். சிறிய உடலினர் தமக்குரிய பிரிவை நாடவே, பேரெடைப் பிரிவு பேருடலினர்க்கே உரியதாயிற்று.

மற்றப் பிரிவுகளிலோ தராசு காவல் நிற்கின்றது. தொழில்முறைப் போட்டிகளில் ‘பிளைவெயிட்’ பிரிவின் வரம்பு நூறாண்டுகளுக்கு முன் 112 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 51 கிலோ. இன்றும் அது மாறவில்லை. ஆகவே அன்றைய வீரரையும் இன்றைய வீரரையும் இப்பிரிவில் ஒப்பிடுதல் எளிது.

பிரிவுகள் குறைந்தால் நேரும் இடரை நம் நாட்டு வீராங்கனை மேரி கோமின் வாழ்க்கை உணர்த்தும். மணிப்பூரைச் சேர்ந்த அவர், 46, 48 கிலோ பிரிவுகளில் உலகப் பட்டங்களை வென்றவர். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மூன்று பிரிவுகளே இருந்தன. அவற்றுள் மிகச் சிறியது 51 கிலோ. எனவே அவர் தம்மினும் பெரிய உடலினருடன் பொருத நேர்ந்தது. எனினும் மனம் தளராது போராடி வெண்கலப் பதக்கம் பெற்றார்.

பேருடல் ஒன்றே வெற்றி தருவதும் இல்லை. 1919-இல் ஏறத்தாழ 85 கிலோ எடையுள்ள ஜாக் டெம்ப்சி, 111 கிலோ எடையுள்ள ஜெஸ் வில்லார்டை வென்றார். மேலே கூறிய பியூரியைத் தோற்கடித்த உசிக், அவரினும் ஏறத்தாழ 25 கிலோ குறைந்தவர். விரைவும் விவேகமும் எடைக்கு ஈடுகொடுத்தன.

ஆயினும் தராசை ஏமாற்ற முயல்வோரும் உளர். தொழில்முறைப் போட்டிகளில் முதல் நாளே எடை பார்க்கும் வழக்கம் உண்டு. அதற்கு முன் நீர் அருந்தாமலும், தடித்த உடையணிந்து ஓடி வியர்வை சிந்தியும் சிலர் எடையைக் குறைக்கின்றனர். எடை பார்த்தபின் உண்டும் பருகியும் மீண்டும் எடை கூடுகின்றனர். உடலின் நீர் வற்றினால் இதயமும் சிறுநீரகமும் துன்புறும். தலையில் விழும் அடியின் தீங்கும் மிகக்கூடும் என மருத்துவர் எச்சரிக்கின்றனர். வளரும் பருவத்து இளைஞர்க்கு இது பெருங்கேடு.

எதிரே நிற்பவனைக் காப்பதற்காகவும் தன்னைக் காப்பதற்காகவும் ஏற்பட்டதே எடை விதி. அதனைக் குறுக்கு வழியில் கடப்பவன் இருவருக்கும் தீங்கு இழைக்கின்றான். தன் உடலுக்குரிய பிரிவை அறிந்து, நன்கு உண்டு, முறையாகப் பயின்று களம் புகுவோனே உண்மை வீரன். தராசு முள் எடையை மட்டும் காட்டுவதில்லை. வீரனின் நேர்மையையும் காட்டுகின்றது.