வளைகுடாவில் கோடை ஜூன் 15இல் தொடங்குவதில்லை

ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். சவூதி அரேபியாவிலும் அதே மூன்று மாதங்களுக்கு 12 மணி முதல் 3 மணி வரை தடை உண்டு. குவைத்திலும் ஓமானிலும் ஜூன் தொடங்கி ஆகஸ்ட் முடியும்வரை இத்தகைய தடை நடப்பில் இருக்கிறது. கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர்களும் சாலையில் தார் போடுகிறவர்களும் கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்கிறவர்களும் இந்த ஓய்வால் பிழைக்கிறார்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் ஏராளம். இது நல்ல சட்டம், காக்கப்பட வேண்டிய சட்டம். ஆனால் இதற்குள் இரண்டு கணிப்புகள் இருக்கின்றன. கடும் கோடை ஜூன் மாதத்தில்தான் வருகிறது என்பது ஒன்று. ஆபத்து உச்சிவெயிலில்தான் இருக்கிறது என்பது மற்றொன்று. கடலை ஒட்டிய பாலைவனத்தின் வானிலையை உற்றுப் பார்த்தால் இரண்டுமே பாதி உண்மைதான். மீதிப் பாதியில்தான் உயிர்கள் போகின்றன.

முதலில் காலத்தை எடுத்துக்கொள்வோம். துபாயில் மே மாதத்தின் சராசரி உச்ச வெப்பம் 38 டிகிரி செல்சியஸை ஒட்டியது. ஜூனில் அது 40 டிகிரியை ஒட்டியது. இடைவெளி இவ்வளவுதான். சராசரியை விட்டுத் தனித்தனி நாட்களைப் பார்த்தால் நிலைமை இன்னும் கடுமை. 2025 மே 24 அன்று அமீரகத்தின் ஸ்வைஹான் என்ற உள்நாட்டு ஊரில் 51.6 டிகிரி பதிவானது. சட்டப்படியான ஓய்வு தொடங்க அப்போது இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன. பழைய அரபு வானக் கணக்குகூட இந்தச் சட்டத்தை முந்திக்கொள்கிறது. துரையா என்று அரபு மக்கள் அழைக்கும் விண்மீன் கூட்டம் ஏப்ரல் கடைசியில் சூரிய ஒளியில் மறைந்து, சுமார் நாற்பது நாட்கள் கழித்து ஜூன் முதல் வாரத்தில் விடியலில் மீண்டும் தெரியும். அது தெரிந்துவிட்டால் கடுங்கோடை வந்துவிட்டது என்பது வளைகுடாவின் வழக்கு. நாம் கார்த்திகை என்று சொல்லும் அதே கூட்டம்தான் அது. அந்த நட்சத்திரத்தைச் சூரியன் கடக்கும் நாட்களை ஒட்டித்தான் நாமும் கத்திரி வெயிலைக் கணக்கிடுகிறோம்.

அடுத்து, கடல் செய்யும் வேலை. பாலையின் வெக்கைக்குக் கடல் மருந்து என்றுதான் எவருக்கும் தோன்றும். மே மாதத்துச் சென்னையில் பிற்பகல் கடற்காற்று வந்ததும் ஊரே மூச்சு விடுகிறது அல்லவா? வளைகுடாக் கடல் அப்படிப்பட்டதல்ல. அதன் சராசரி ஆழம் ஏறத்தாழ 35 மீட்டர்தான். ஹோர்முஸ் நீரிணை என்ற குறுகிய வாசல் வழியாக மட்டுமே அது பெருங்கடலோடு சேர்கிறது. ஆழமற்ற, அடைபட்ட நீர் சீக்கிரம் சூடேறுகிறது. மே கடைசியிலேயே பல இடங்களில் மேற்பரப்பு 30 டிகிரியை நெருங்கி, ஆகஸ்டில் அதையும் வெகுவாகத் தாண்டிவிடுகிறது. பகலில் மணல் கொதித்து அதன் மேலுள்ள காற்று எழும்போது, கடல் மேலிருந்து காற்று கரைக்கு இழுக்கப்படுகிறது. அந்தக் காற்று வெப்பமானியை நாலைந்து டிகிரி இறக்கலாம்; கூடவே நீராவியைச் சுமந்து வருகிறது. ஷாமல் எனப்படும் வடமேற்குக் காற்று வீசுகிற நாட்களில் இந்த ஈரம் விலகி, வறட்சியும் புழுதியும் வருகின்றன. வட அரேபியாவின் உயரழுத்தத்துக்கும் ஈரான், பாகிஸ்தான் பக்கத்துத் தாழ்வழுத்தத்துக்கும் இடையே பிறக்கும் இந்தக் காற்று ஜூன், ஜூலையில் வலுக்கும். அது ஓய்ந்ததும் புழுக்கம் கரையை மூடுகிறது. ஒரே வாரத்தில் ஒரே ஊர் இரண்டு விதமான கோடைகளைக் காண்கிறது.

இவற்றில் எது கொடியது? வெப்பமானியைக் கேட்டால் வறண்ட நாளைக் காட்டும். உடம்பைக் கேட்டால் புழுக்கமான நாளைக் காட்டும். சுற்றியுள்ள காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால் உடம்புக்கு இருக்கும் ஒரே வழி வியர்வைதான். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறுகிறது. ஆனால் அது ஆவியாக வேண்டும். ஐப்பசி மழையில் கொடியில் கிடக்கும் துணி போல, ஈரக் காற்றில் வியர்வை காயாது. வழிந்து சொட்டும் வியர்வையால் உடம்பு தண்ணீரை இழக்கிறதே ஒழியக் குளிர்வதில்லை. இதை அளக்கத்தான், ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையைப் பார்க்கிறார்கள். 45 டிகிரி வெயிலும் 10 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள உள்நாட்டுப் பாலையில் அது சுமார் 22 டிகிரிதான். 36 டிகிரியும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கடற்கரையில் அது சுமார் 31 டிகிரி. மனித உடம்பின் கோட்பாட்டு எல்லை 35 டிகிரி என்று 2010இல் ஓர் ஆய்வு சொன்னது. இளைஞர்களை வைத்துப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் நடத்திய சோதனைகளோ, ஈரமான சூழலில் 31 டிகிரி அளவிலேயே உடம்பின் உள்வெப்பம் கட்டுப்பாட்டை மீறத் தொடங்குவதைக் காட்டின. அதாவது, வெப்பமானியில் ஒன்பது டிகிரி குறைவாகத் தெரிகிற கடற்கரைதான் எல்லைக்கு அருகில் நிற்கிறது. மின்சாரம் வருவதற்கு முந்தைய அபுதாபி, துபாய் மக்களில் பலர் கோடையில் கடற்கரையை விட்டு லிவா, அல் ஐன் போன்ற பாலைச் சோலைகளுக்கு ஒட்டகங்களில் இடம்பெயர்ந்ததற்குப் பேரீச்சை அறுவடை ஒரு காரணம் என்றால், இந்தப் புழுக்கம் மற்றொரு காரணம்.

கோடையின் முதல் வாரங்களை நான் தனியாக வலியுறுத்துவதற்கு உடம்பின் இன்னோர் இயல்பு காரணம். வெப்பத்தில் வேலை செய்ய உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். அதற்குள் வியர்வை முன்கூட்டியே சுரக்கவும், உப்பை மிச்சப்படுத்தவும், இதயம் குறைந்த துடிப்பில் வேலையைச் சமாளிக்கவும் பழகிவிடுகின்றன. பழகாதவர்களுக்கு நேர்வதை அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகம் தரும் கணக்கு சொல்கிறது: வெப்பத்தால் நிகழும் பணியிட மரணங்களில் கிட்டத்தட்ட பாதி, அந்த வேலையின் முதல் நாளிலேயே நிகழ்கின்றன, 70 விழுக்காட்டுக்கு மேல் முதல் வாரத்தில். மே மாதத்தில் வளைகுடாவில் வந்து இறங்கும் புதியவரும், ஊரில் விடுப்பு முடித்துத் திரும்பும் பழையவரும் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். ஜூலை மாதத்து உடம்பு ஓரளவு தேறிய உடம்பு. மே மாதத்து உடம்பு தயாராகாத உடம்பு. சட்டம் கண் விழிப்பது ஜூன் நடுவில்.

தமிழ்நாட்டு வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இது ஒரு பொருட்டா என்று சிலர் கேட்பார்கள். வெப்பப் பழக்கம் பிறப்போடு வருவதல்ல; வேலையால் வருவது, வேலை நின்றால் சில வாரங்களில் போய்விடுவது. மதுரையில் மர நிழலிலும் மின்விசிறிக் காற்றிலும் ஒரு மாத விடுப்பைக் கழித்தவர், சவூதியின் தமாமில் எட்டு மணி நேரம் சென்ட்ரிங் பலகை அடிக்கும்போது புதியவர்தான். வறண்ட வெப்பம் பாதுகாப்பானதா என்பது இன்னொரு கேள்வி. நிச்சயமாக இல்லை, அங்கே தாகம் தெரிவதற்கு முன்பே நீர் வற்றிவிடுகிறது. என் வாதம் புழுக்கத்தையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதே. நண்பகல் ஓய்வு போதாதா என்பது மூன்றாவது. நேரடி வெயிலின் சுமையை அது பெருமளவு தவிர்க்கிறது. அதனால்தான் அது தேவை. ஆனால் கடற்கரையில் பொழுது சாய்ந்த பின் வெயில் போகிறதே தவிர ஈரம் போவதில்லை. சவூதியின் கடலோர நகரமான தஹ்ரானில் 2003 ஜூலை 8 அன்று பனிநிலை, அதாவது காற்றிலுள்ள நீராவி பனித்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை, 35 டிகிரியைத் தொட்டது. அவ்வளவு ஈரமான காற்றில் இரவும் ஓய்வு தராது.

வலுவான மறுப்பு வேறொன்று இருக்கிறது. நாட்காட்டியும் கடிகாரமும் எவருக்கும் புரியும். மீறினால் எளிதில் பிடிக்கலாம். கருவி வைத்து அளக்கச் சொன்னால் ஏமாற்று வேலைக்கு வழி பிறக்கும் என்பார்கள். இதில் நியாயம் உண்டு. ஆகவே நாட்காட்டியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை; அதன் மேல் அளவீட்டையும் சேர்க்கச் சொல்கிறேன். கத்தார் 2021இல் அதைத்தான் செய்தது. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. அதோடு, ஈரம், கதிர்வீச்சு, காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். அந்தக் குறியீட்டில் ஈரக்குமிழுக்கு 70 விழுக்காடு மதிப்பு, கதிர்வீச்சை வாங்கும் கருங்கோளத்துக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10. 1950களில் அமெரிக்க மரைன் படையின் பயிற்சி முகாமில் புதிய வீரர்கள் வெப்பத்தில் சுருண்டு விழுந்ததைப் பார்த்து உருவாக்கப்பட்ட முறை இது. மூன்று வெப்பமானிகள் கொண்ட ஒரு சிறு கருவி போதும். பல அடுக்குக் கோபுரங்களை எழுப்பும் நிறுவனங்களுக்கு இது எட்டாத செலவல்ல.

இதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குக் கருவிகூட வேண்டாம். வெப்பத்தில் வேலைக்கு வரும் புதியவருக்கு முதல் நாள் 20 விழுக்காடு வேலை, பிறகு நாளொன்றுக்கு 20 விழுக்காட்டுக்கு மிகாமல் ஏற்றம் என்பது அமெரிக்கத் தொழிலிட நலவாழ்வு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. விடுப்பிலிருந்து திரும்பும் அனுபவசாலிக்கு முதல் நாள் 50 விழுக்காடு. மே மாதத்தில் வேலைத்தளத்தில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் இது சட்டப்படியான உரிமையாக வேண்டும். புறப்படும் முன் இந்தியாவில் அளிக்கப்படும் பயிற்சியில் விசா, சம்பளம், தூதரக எண் ஆகியவற்றோடு இதையும் சொல்லித்தர வேண்டும். அனுப்புகிற அரசு இதை ஒப்பந்தப் பேச்சில் கேட்க வேண்டும். அழைக்கிற அரசு சட்டத்தில் எழுத வேண்டும். எந்த நாளில் கோடை தொடங்குகிறது என்பதைக் காற்றின் ஈரமும் தொழிலாளியின் உடம்பும்தான் முடிவு செய்கின்றன. சட்டம் அவற்றைப் பின்தொடர்ந்தால் போதும், காப்பாற்றக்கூடிய பல உயிர்கள் காப்பாற்றப்படும்.