ஸ்பானிஷ் பிறப்புச் சான்றிதழில் ரத்த குரூப்: சாப்ட்வேர் தடுமாறும் இடம்

மொழிபெயர்ப்பு சாப்ட்வேர்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்து கொடுத்தால் சில நொடிகளில் ஆங்கிலத்தில் தந்துவிடும். ஆனால் சான்றிதழ்களில் ஓரிரு எழுத்துகளில் வரும் சுருக்கங்களில் அவை தடுமாறுகின்றன. என்னுடன் ப்ராஜெக்ட்டில் வேலை செய்யும் கொலம்பியா நாட்டு நண்பர், அமெரிக்கக் குடியேற்ற விண்ணப்பத்துக்காகத் தன் மகளின் பிறப்புச் சான்றிதழை ஆங்கிலமாக்கியபோது உடனிருந்து உதவினேன். அப்போது கவனித்ததை இங்கே சொல்கிறேன்.

சான்றிதழில் என்ன இருக்கிறது?

நம் டிரைவிங் லைசென்ஸில் ரத்த குரூப் இருப்பது போல, கொலம்பியாவின் பிறப்புப் பதிவுப் படிவத்திலேயே அதற்கு இடம் உண்டு. 'குரூப்போ சங்கீனியோ' என்ற கட்டம் ரத்த குரூப்பைக் குறிக்கும். 'ஃபக்டோர் ஆர்எச்' என்ற கட்டத்தில் பாசிட்டிவா, நெகட்டிவா என்று இருக்கும். அந்நாட்டு அடையாள அட்டையில் இவை 'ஜி.எஸ். ஆர்எச்' என்று சுருங்கிவிடும்.

எங்கே தடுமாற்றம்?

முதலாவது, ஸ்பானிஷ் மொழியில் 'ஓ' என்ற எழுத்து தனியே நின்றால் 'அல்லது' என்று பொருள். நண்பரின் சான்றிதழில் 'ஓ பாசிட்டிவ்' என்பதை சாப்ட்வேர் 'அல்லது பாசிட்டிவ்' என்று மாற்றியிருந்தது!

இரண்டாவது, ஓ குரூப் ரத்தத்தின் சிவப்பணுக்களில் ஏ, பி ஆகிய இரண்டு ஆன்டிஜென்களும் இருக்காது. அதனால் ஸ்பெயின் போன்ற நாடுகளில் ஓ எழுத்துக்குப் பதில் 0 என்ற பூஜ்யத்தை எழுதும் வழக்கம் உண்டு. ஆங்கிலத்தில் அது ஓ என்ற எழுத்துதான். எனவே எண்ணை அப்படியே விடாமல் எழுத்தாக மாற்ற வேண்டும்.

மூன்றாவது, மைனஸ் குறி. மங்கலான ஸ்கேனில் அந்தச் சிறு கோடு படிவத்தின் கோட்டோடு கலந்து மறைந்துவிடலாம். குறி போனால் நெகட்டிவ் என்ற தகவலே போய்விடும்.

என்ன செய்யலாம்?

* சான்றிதழை 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். ரத்த குரூப் கட்டத்தைப் பெரிதாக்கிக் கண்ணால் பாருங்கள்.
* கட்டத்தின் தலைப்பை மட்டும் சாப்ட்வேரில் மொழிபெயர்க்கலாம். அதற்குள் இருக்கும் எழுத்தையும் குறியையும் நீங்களே டைப் செய்யுங்கள்.
* 'சங்கீனியோ' என்ற சொல்லில் வரும், மேலே கோடுள்ள ஐ எழுத்துக்கு நம் லாக்கை ஆன் செய்து, ஆல்ட் கீயை அழுத்தியபடி வலப்பக்க எண் கீகளில் 161 டைப் செய்யுங்கள்.
* வேர்டில் மைனஸுக்காகப் போடும் ஹைபன் வரியின் கடைசியில் தனியே பிரியாமல் இருக்க கன்ட்ரோல், ஷிப்ட், ஹைபன் கீகளைச் சேர்த்து அழுத்துங்கள்.
* காலியாக இருந்தால் 'காலி' என்றே ஆங்கிலத்தில் குறிப்பிடுங்கள். வேறு அட்டையைப் பார்த்து நிரப்ப வேண்டாம். மொழிபெயர்ப்பில் மூலத்தில் உள்ளது மட்டுமே வர வேண்டும்.

ஏன் இவ்வளவு கவனம்?

அமெரிக்கக் குடியேற்ற விதிப்படி, மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்றும் தனக்கு இரு மொழிகளிலும் தகுதி உண்டு என்றும் மொழிபெயர்ப்பவர் சான்று தர வேண்டும். அந்தப் பொறுப்பை சாப்ட்வேர் ஏற்காது. ரத்தம் ஏற்றும் முன் மருத்துவமனையில் மறுபடி பரிசோதிப்பார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு குழந்தையின் பெயரில் தவறான ரத்த குரூப் ஆவணத்தில் ஏறிவிட்டால், பிறகு அதைத் திருத்தப் பெற்றோர்தான் அலைய வேண்டும்.

பிரின்ட் கொடுக்கும் முன், மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தக் கட்டத்தை மட்டுமாவது இன்னொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.