அருள் என்றொரு பெயர்

வயதான தம்பதிக்குப் பிள்ளை பிறக்கிறது. எட்டாம் நாள் பெயர்சூட்ட உறவும் அக்கம்பக்கமும் கூடிவிட்டார்கள். தகப்பன் பெயரையே, சக்கரியா என்றே வைத்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். தாய் எலிசபெத்து ஒப்பவில்லை. யோவான் என்றுதான் வைக்க வேண்டும் என்கிறாள். நம் சொந்தத்தில் யாருக்கும் அப்படிப் பெயர் இல்லையே என்று உறவினர் மறிக்கிறார்கள். பேச்சிழந்திருந்த தகப்பன் ஓர் எழுதுபலகையை வாங்கி, மனைவி சொன்ன பெயரையே எழுதுகிறார். அந்தக் கணமே அவர் நாக்கு கட்டவிழ்கிறது. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வரும் இந்தக் காட்சி, தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதாலேயே மகன் பிள்ளையைப் ‘பேரன்’ என்று அழைக்கும் நமக்கு நன்றாகவே விளங்கும். குடும்பப் பெயரைத் தள்ளிவைக்கும் அளவுக்கு அந்தப் புதுப்பெயரில் என்ன இருந்தது?

அருள் இருந்தது. எபிரேயத்தில் அந்தப் பெயர் யோஹனான். ‘யோ’ என்பது கடவுள் பெயரின் சுருக்கம். ‘ஹனான்’ என்றால் அருள்கூர்ந்தார். கிரேக்கமும் இலத்தீனும் கடந்து ஊர் ஊராகப் போன அந்தப் பெயர்தான் ஆங்கிலத்தில் ஜான், ரஷ்யாவில் இவான், இத்தாலியில் ஜொவான்னி, அயர்லாந்தில் ஷான். பிள்ளை வரம் கேட்டுச் சீலோ ஆலயத்தில் அழுது மன்றாடிய அன்னாளின் பெயரும் இதே வேரில் முளைத்தது. வேர் எபிரேயத்துக்கு மட்டும் சொந்தமில்லை. எபிரேயத்தின் உறவுமொழி பேசிய கார்த்தேஜில், கி.மு. 218இல் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிய தளபதி ஹன்னிபால், ‘பாகால் அருளினான்’ என்ற பொருளில் பெயர் பெற்றவன். ரோமையே நடுங்கவைத்தவனுக்கும் பாலைவனத்தில் வெட்டுக்கிளி தின்று வாழ்ந்த யோவானுக்கும் தொட்டிலில் கிடைத்தது ஒரே சொல்! சாமி மட்டும்தான் வேறு.

சாமி பெயர் சேர்க்காமல் பண்புகளையே பெயராக்கும் வழக்கத்தை ஆங்கிலத்தில் பரப்பியவர்கள் பியூரிட்டன்கள். அவர்களையொத்த சமயப் பற்றாளர் வில்லியம் புரூஸ்டர், 1620இல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்காவுக்குப் போனவர். அவருடைய பிள்ளைகளில் நால்வர் பெயர்களைத் தமிழாக்கினால் பொறுமை, அச்சம், அன்பு, மல்லாடல் என்று வரும். அச்சம் என்பது இறையச்சம். மல்லாடலுக்கு, யாக்கோபு விடிய விடிய ஒரு தெய்வீக மனிதரோடு போராடிய கதையைக் காரணம் சொல்வார்கள். இவை அழகிய பெயர்கள்தாம், ஆனால் பாரமானவை. பொறுமை என்று பெயர் வைத்த பெண் கோபப்படும்போதெல்லாம் அவள் பெயரே அவளைக் கண்டிக்கும்.

அருள் என்றே பொருள்படும் ஆங்கிலப் பெயரான கிரேஸ் அப்படியல்ல. கிறிஸ்தவ இறையியலில் அது உழைத்து ஈட்டும் தகுதியன்று, தகுதி பாராமல் கிடைக்கும் கொடை. அதன் தாய்ச்சொல்லான இலத்தீன் ‘கிராத்தியா’வுக்குத் தயவு என்றும் பொருள், நன்றி என்றும் பொருள். கொடுப்பவர் மனத்தையும் பெற்றவர் மனத்தையும் ஒரே சொல் சுமக்கிறது. இந்தப் பெயர் குழந்தையிடம் எதையும் கேட்பதில்லை. அது வந்துசேர்ந்ததற்கு நன்றி சொல்கிறது, அவ்வளவுதான். இத்தனை நூற்றாண்டுகளாகப் பெற்றோர் இந்தப் பெயரை நாடுவதற்கு இதுவே காரணம் என்று நான் நம்புகிறேன்.

தமிழுக்கு வந்தபோது யோவான் என்ற பெயருக்கு நடந்தது இன்னும் அழகு. பழைய கத்தோலிக்க வழக்கில் யோவானை ஒலிமாற்றி எழுதவில்லை, பொருளைப் பிடித்து ‘அருளப்பர்’ ஆக்கினார்கள். பவுல் என்பதற்கு இலத்தீனில் ‘சிறியவர்’ என்று பொருள். அவர் சின்னப்பர் ஆனார். லிஸ்பனில் பிறந்து, மதுரை மறைபரப்புத் தளத்தில் பணிசெய்து, 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் டி பிரிட்டோ நமக்கு அருளானந்தர். சீர்திருத்தச் சபையாரோ யோவான் என்ற ஒலியை வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குக் கிருபை என்று பெயரிட்டார்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலும் யோவான்தான். இரு சபைகளுக்கும் பொதுவாக ஒரு நூல் வந்தது நல்லது. ஆனாலும், பெயரைக் கேட்டவுடன் பொருளும் காதில் விழுந்த அந்த அருளப்பர் பின்னுக்குப் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஏனென்றால் அருள் சாதாரணச் சொல்லல்ல. சைவ சித்தாந்தம் இறைவனுக்குச் சொல்லும் ஐந்தொழில்களில் அருளல் இறுதியானது. ராஜராஜ சோழனின் இயற்பெயர் அருள்மொழிவர்மன். அன்பு உறவுடையோரிடம் செல்வது, அருள் உறவு பாராமல் எல்லா உயிரிடத்தும் செல்வது என்று பிரித்துக்காட்டுகிறார் பரிமேலழகர். ஆணுக்கும் பெண்ணுக்கும், கோயிலுக்குப் போகும் வீட்டுக்கும் தேவாலயத்துக்குப் போகும் வீட்டுக்கும் இந்த ஒரே பெயர் பொருந்திப்போவதற்கு அந்த விரிவு இடம் தருகிறது.

வள்ளுவர் அருளையே ஒரு குழந்தையாகப் பார்த்திருக்கிறார். 757ஆம் குறளில் அதைப் பெற்றவள் அன்பு, வளர்க்கும் செவிலித்தாய் செல்வம். அந்தக் குறள் இருப்பது துறவறத்தில் அல்ல, பொருளீட்டுவதைப் பேசும் அதிகாரத்தில். பிறந்த பிள்ளைக்குப் பாலும் துணியும் வேண்டும் என்பதை அறிந்த மனம் அது.