போர்க்காலத் தமிழ்க் காதல் படங்களில் பர்மா

இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் போரைப் பின்னணியாகக் கொண்ட சில தமிழ்ப் படங்கள் வெளிவந்தன. கே. சுப்பிரமணியத்தின் 'மானசம்ரட்சணம்', ஜெமினியின் 'கண்ணம்மா என் காதலி', சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'பர்மா ராணி' ஆகிய மூன்றும் 1945-ல் வந்தவை. இவற்றில் காதலும் போரும் ஒன்றாகவே நடக்கின்றன. போரை உண்மையில் அனுபவித்த மக்களுக்குத் திரையில் எவ்வளவு இடம் கிடைத்தது என்பதை அறிய 'பர்மா ராணி' நல்ல உதாரணம்.

பின்னணி

போரின்போது கச்சா ஃபிலிமுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1942-ல் அரசு ஒரு படத்தின் நீளத்தை 11,000 அடிக்குள் கட்டுப்படுத்தியது. பிறகு ஃபிலிம் பெறவே உரிமம் தேவைப்பட்டது. போர் முயற்சியை ஆதரிக்கும் படங்களை எடுக்கும்படி தயாரிப்பாளர்கள் வற்புறுத்தப்பட்டனர். எனவே எதிரி யார் என்பதைக் கதாசிரியர் மட்டும் முடிவு செய்யவில்லை.

பர்மா ராணி

டி. ஆர். சுந்தரம் இயக்கிய இப்படத்தில், ஜப்பானியர் வசமிருக்கும் பர்மாவில் இந்திய விமானப்படை வீரர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். கே. எல். வி. வசந்தா ராணியாகவும் ஹொன்னப்ப பாகவதர் கதாநாயகனாகவும் நடித்தனர். ஜப்பானிய அதிகாரி வேடத்தை சுந்தரமே ஏற்றார். பர்மியரானாலும் ஜப்பானியரானாலும் பேசுவது தமிழ், நடிப்பவர்கள் தென்னிந்தியர்கள்.

இது தமிழ் சினிமாவின் குறை மட்டுமல்ல. 1942-ல் வெளியான ஹாலிவுட் படம் 'காசபிளாங்கா' மொராக்கோவில் நடக்கிறது, ஆனால் மொராக்கோ மக்களுக்கு அதில் சொல்லத்தக்க பாத்திரம் இல்லை. பியானோ வாசிக்கும் சாமாக நடித்த கறுப்பின நடிகர் டூலி வில்சனின் பாத்திரம் அக்காலத்துக்குக் கௌரவமானதுதான், எனினும் அவருக்கென்று தனிக் கதை கிடையாது. (வில்சன் உண்மையில் டிரம்ஸ் கலைஞர், அவருக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது.) ஒரு விஷயத்தில் அப்படம் வேறுபடுகிறது. அதில் அகதிகளாக நடித்தவர்களில் பலர் ஹிட்லரிடமிருந்து தப்பிவந்த உண்மையான அகதிகள். நாஜி அதிகாரியாக நடித்த கான்ராட் வெய்ட்டும் ஜெர்மனியை விட்டு வெளியேறியவரே.

தமிழ்ப் படங்களுக்கும் அப்படிப்பட்ட அகதிகள் தொலைவில் இல்லை. 1931 கணக்கெடுப்பின்படி பர்மாவில் சுமார் 10 லட்சம் இந்தியர்கள் வாழ்ந்தார்கள். ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். செட்டியார்களின் வட்டிக்கடைகள் முதல் துறைமுகக் கூலி வரை எங்கும் தமிழர் இருந்தனர். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது குண்டு விழுந்தது. அடுத்த சில மாதங்களில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் காடும் மலையும் கடந்து இந்தியாவை நோக்கி நடந்தனர். பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தனர். வெளியேறும் பாதைகளில்கூட ஐரோப்பியருக்கு ஒரு நீதி, இந்தியருக்கு ஒரு நீதி என்றிருந்ததைக் காங்கிரஸ் அப்போதே கண்டித்தது. 'பர்மா ராணி'யின் மையத்தில் இவர்கள் இல்லை. விமானப்படை வீரர்களும் ஒற்றர்களும்தான் இருக்கிறார்கள்.

இன்னொரு ராணி

படம் உருவான காலத்தில் பர்மாவில் வேறு ராணிகளும் இருந்தனர். இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படை 1943-ல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டு, 1944-ல் பர்மாவின் மேமியோவில் முகாமிட்டது. மலேயா ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள் அதில் பெருமளவில் சேர்ந்தனர். சென்னையில் மருத்துவம் படித்த லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார். துப்பாக்கி ஏந்திய இப்பெண்கள் ஜப்பானியருடன் சேர்ந்து பிரிட்டிஷாருக்கு எதிராக நின்றவர்கள். அதனால் தணிக்கைக்கு உட்பட்ட ஒரு படத்தில் அவர்கள் கதாநாயகியாக வர வழியே இல்லை. 1945 நவம்பரில் செங்கோட்டை விசாரணை தொடங்கியபோது நாடு அவ்வீரர்களின் பக்கம் நின்றது. திரையில் ஜப்பானியரை வென்ற வீரர்களைவிட, திரைக்கு வெளியே தோற்ற வீரர்களே மக்களுக்கு நெருக்கமாக இருந்தார்கள்.

பராசக்திக்குப் பின்

நடந்து வந்தவர்களின் கதை பெரிய அளவில் ஒலித்தது 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யில். மு. கருணாநிதி வசனம் எழுத, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய இப்படம் 1942-ல் ரங்கூனில் வாழும் மூன்று சகோதரர்களின் சிதறலைச் சொல்கிறது. குணசேகரனுக்கும் விமலாவுக்குமான காதல் கதையின் ஒரு பகுதி மட்டுமே. தப்பிவரும் வழியில் காலை இழக்கும் ஞானசேகரன், தமிழ்நாட்டில் பிச்சைக்காரர்களைத் திரட்டிச் சங்கம் அமைக்கிறான். வீடிழந்து திரும்பியவனை ஊர் எப்படி நடத்தியது என்பதை முந்தைய படங்களைவிட இப்பாத்திரம் வெளிப்படையாகக் காட்டியது. ஆனால் அச்சகோதரர்கள் வசதியான குடும்பத்தினர். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் இப்படத்திலும் நாயகர்களாகவில்லை. முக்கியப் பாத்திரங்களில் பர்மியர் ஒருவரும் கிடையாது.